பொண்ணூட்டுக்காரங்க கேட்ட பால்கனி

அந்தக் குழாயை மிதிச்சுப் போடாதீங்க தம்பி. பாக்கறதுக்குப் பிளாஸ்டிக் குழாய்தான், ஆனா உள்ள எம்பட ஊட்டோட பிளான் சுருட்டி வெச்சிருக்குதுங்க. மடிச்சாக் கோடு உழுந்துரும். கோடு உழுந்தா அந்த ஆபீசர் அதையும் ஒரு செவுருன்னு நெனச்சு, இது அனுமதியில இல்லையேம்பான். சிரிக்காதீங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லலை. அவன் சொல்லுவான். அப்படியாப்பட்ட ஆளு.

நீங்களும் இந்த பஸ்ஸுல டவுனுக்குத்தானுங்களே? நானும் அங்கதான். கட்டட அனுமதி குடுக்கற ஆபீசு இருக்குதில்லீங்க, அங்க இன்னைக்கு எனக்கு விசாரணை. கொலை பண்ணுனவனுக்கு நடக்கற மாதர எனக்கு விசாரணை! என்ன கொலை பண்ணிப்போட்டன்? ஊடு கட்டுனன். எங்கப்பன் குடுத்த பூமி, நான் ஒழைச்ச காசு. அதுல கட்டுன மாடிக்கு அவன் வந்து சீல் வெச்சுப்போட்டுப் போறானுங்க. பூட்டுல துணியைச் சுத்தி, அரக்கை உருக்கி ஊத்தி, எம்பட கண்ணு முன்னாலயே. நான் நின்னு பாத்துட்டிருந்தனுங்க. வயிறு எரியுது தம்பி. இப்ப நெனச்சாலும் எரியுது.

அதும் எதுக்குக் கட்டுன மாடி? எனக்கா? எனக்கு ஒரு கயித்துக் கட்டலு போதும். எம்பட பையன் பூபேசுக்குக் கல்யாணம் ஆகோணும்னு கட்டுனதுங்க. அந்த மாடி இல்லாம அவனுக்குக் கல்யாணம் இல்லை. இதை அந்த ஆபீசருக்குச் சொல்லலையான்னு கேப்பீங்க. சொன்னனே! காது குடுத்துக் கேட்டாத்தானே?

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆயிருச்சு. பொழச்சீங்க. எங்க பக்கத்து நெலமை உங்களுக்குத் தெரியாது. ஊருக்கு ஒரு பஸ்ஸு நெறயற அளவுக்கு முப்பது தாண்டுன பசங்க நிக்கறாங்க. பொண்ணு இல்லை. இருக்கற பொண்ணுக பூராப் படிச்சிருக்குதுக. படிச்ச பொண்ணுக்குப் பையனைக் காட்டறதுக்கு முன்னால ஊட்டைக் காட்டோணும். பூபேசு நல்ல பையனுங்க. சொந்தமா டிராக்டர் ரிப்பேர் செட்டு வெச்சிருக்கறான். குடி கெடையாது, பீடி கெடையாது, எதுத்து ஒரு வார்த்தை கெடையாது. நான் பேசறப்ப அவன் வாயே தொறக்க மாட்டான். அப்படி வளத்திருக்கறன்.

பொண்ணூட்டுக்காரங்க ஊடு பாக்க வருவாங்கல்ல, அது எங்க பக்கம் எப்படின்னு சொல்றன். பொம்பளைங்க நேராச் சமையக்கட்டுக்குப் போயிருவாங்க. பைப்பைத் தொறந்து தண்ணி வருதான்னு பாப்பாங்க. பாத்ரூம் கதவைத் தள்ளிப் பாப்பாங்க. ஆம்பளைங்க வாசல்ல சேரைப் போட்டு உக்காந்து காடு கரையை விசாரிப்பாங்க. காப்பியைக் குடிச்சுப்போட்டு, "கலந்துக்கிட்டுச் சொல்றமுங்க"ன்னு கெளம்பிருவாங்க. பொறகு தரகர் வையாபுரிதான் சேதி கொண்டுட்டு வருவான்.

மொதல்ல வந்தவங்க தாராபுரத்துக்காரங்க. அன்னைக்கு எம்பட ஊட்டுக்காரி சிந்தாமணி காப்பியில சக்கரை கம்மியாப் போட்டுட்டா. வந்தவங்க முன்னாலயே அவளை நாலு கேள்வி கேட்டனுங்க. கேக்க வேண்டாமா? ஊடு தேடி வந்த ஒரம்பரைக்கு அப்படியா காப்பி குடுக்கறது? அவங்க தலையைக் குனிஞ்சுட்டே குடிச்சுட்டுப் போனாங்க. ரெண்டு நாள் கழிச்சு வையாபுரி வந்து, "மாமா, ரூமோட சேந்த பாத்ரூம் இல்லைங்கறாங்க"ன்னான். அவ்வளவுதானா! உடனே மாடி எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டன். இன்ஜினீயரைப் புடிச்சு, பிளான் போட்டு, முறையா அனுமதி வாங்கி, அப்பறந்தான் செங்கல்லு எறக்குனன். நான் சட்டத்தை மதிக்கறவன் தம்பி. அதை மொதல்ல புரிஞ்சுக்கோங்க.

அடுத்து வெள்ளகோவில்காரங்க. மாடி பாதி எந்திரிச்சிருச்சு. பொண்ணோட அம்மா படிக்கட்டையே பாத்துட்டு நின்னுச்சு. நான் அந்தம்மாளுக்கு, மருமகள்னா எங்கூட்டுல எப்படி இருக்கோணும்னு எடுத்துச் சொல்லிட்டிருந்தன். வெடியால எப்ப எந்திரிக்கோணும், என்னையக் கேக்காம வாசப்படி தாண்டக் கூடாது, இதெல்லாம் மொதல்லயே பேசிக்கறது நல்லதுங்களே. பொறகு வையாபுரி சொல்றான்: "படிக்கட்டு ஊட்டுக்குள்ளயே இருக்குதாம் மாமா. வெளிய தனியா இருந்தாத் தேவலையாம்." சரி, வெளிய தனியா ஒரு படிக்கட்டு. எங்க வெக்கறது? அனுமதிக்குன்னு பக்கத்துல சந்து உட்டிருந்தம். சும்மாத்தானே கெடக்குது? அதுல வெச்சன். கட்டி முடிச்சு ஆளனுப்புனா, பொண்ணை வேற எடத்துல பேசி முடிச்சுட்டாங்களாம். ஒரு மரியாதைக்காச்சும் வந்து படியைப் பாத்திருக்கலாமுல்லீங்க?

அப்பறம் காங்கேயத்துக்காரங்க. அந்தத் தடவு நான் யாரையும் ஒண்ணும் சொல்லலை. ரோட்டுக்குன்னு எங்க நெலத்துல ஒரு முக்கை எடுத்தானுக, அந்தக் கேசைப் பத்தி மட்டுந்தான் பேசிட்டிருந்தன். மத்தியானம் ஆரம்பிச்சது, வெளக்கு வெக்கற வரைக்கும் போச்சு. நடுவுல அந்தப் பொண்ணு எந்திரிச்சு மாடிக்குப் போயி, "சித்த நேரம் காத்தாட நிக்கறதுக்கு இங்க எடமில்லீங்களா?"ன்னு சிந்தாமணியைக் கேட்டுச்சாம். கேட்டுச்சா? அப்பப் பால்கனி! ரோட்டைப் பாத்து, ரெண்டு சேரு போட்டு உக்காரற மாதர. இன்ஜினீயரு வேண்டாம்னான். "பக்கத்துலயே கரண்டு லைன் போகுதுங்க, உடமாட்டாங்க"ன்னான். உனக்குத் தெரியாதுடா போடான்னு அனுப்பிச்சுப்போட்டு, மேஸ்திரியை வெச்சே கான்கிரீட்டு போட்டன். காங்கேயத்துக்காரங்களும் வரலை.

இப்படித்தான் தம்பி அந்த ஊடு வளந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டுப் போன ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை பாத்திருக்கறன். கார் செட்டு பெருந்துறைக்காரங்க. சமையக்கட்டைப் பின்னால இழுத்தது கோபிக்காரங்க. பொண்ணூட்டுக்காரங்க பேச்சை நான் எப்பவுமே தட்டுனதில்லை. என்னையப் போயி அடங்காதவன்னு எழுதியிருக்கறான் அந்த ஆபீசர்.

எப்படி வந்தான்னு கேளுங்க. லைன் பாக்கற ஆளு பால்கனியைப் பாத்துட்டு மேல சொல்லியிருக்கறான். ஒரு நாள் வெடியால இந்த ஆபீசர் வந்து நிக்கறான். சின்னப் பையன், மீசை கூட ஒழுங்கா வரலை. "பொங்கியண்ணன்ங்கறது நீங்கதானுங்களா?"ன்னான். ஆமாங்க, வாங்க, காப்பி குடிங்கன்னன். வேண்டாம்னுட்டான். ஒரு ஊட்டுக்கு வந்துட்டுக் காப்பி வேண்டாங்கறான் பாருங்க, அப்பவே எனக்கு அவனைப் புடிக்கலை.

டேப்பை இழுத்தான். "இந்தப் படிக்கட்டு பிளான்ல இல்லீங்களே?"

"அது வெள்ளகோவில்காரங்க சொன்னதுங்க."

"யாருங்க அவங்க?"

"பொண்ணூட்டுக்காரங்க."

"இந்தக் கார் செட்டு?"

"பெருந்துறை."

"சமையக்கட்டு இத்தனை பின்னால போயிருக்குதே?"

"அது கோபி."

எழுதறதை நிறுத்திப்போட்டு என்னைய நிமிந்து பாத்தான். "மொத்தம் எத்தனை பொண்ணுங்க?"ங்கறான்! அது அவனுக்கு எதுக்குங்க? அளக்க வந்தவன் அளந்துட்டுப் போகோணும்.

அப்பறம் பால்கனிக்குப் போனான். போனவன் அங்கயே நின்னுட்டான். "கையை நீட்டுனா லைன் எட்டுமுங்க"ன்னான். எதுக்குங்க கையை நீட்டோணும்? நான் கேட்டன். உக்காந்து காத்து வாங்கறவன் எதுக்குக் கையை நீட்டறான்? "துணி காயப் போடுவாங்க. நாளைக்கு ஒரு கொழந்தை வரும். கொழந்தை நீட்டுமுங்க"ன்னான். மொதல்ல கல்யாணம் ஆகட்டும், கொழந்தையைப் பத்தி அப்பறம் பேசலாம்னன். அதுல என்னங்க தப்பு? ஆனா அவன் எறங்கிப் போயி, எல்லாத்தையும் சரி பண்ணச் சொல்லி நோட்டீசு ஒட்டிட்டான். இல்லீன்னா மாடிக்குச் சீலாம்.

சரி, வழக்கமா எல்லாரும் பண்றதைப் பண்ணலாம்னு போனன். எங்க தோட்டத்து மாம்பழம் ஒரு கூடை, எளநி ஒரு குலை, அப்பறம் ஒரு கவரு. மாம்பழத்தை ஆபீசு வாசல்ல நின்ன ஆளுகளுக்குக் குடுத்துரச் சொல்லிட்டான். கவரைத் தொடவே இல்லை. எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம்! வாங்கறவன்கிட்ட ஒரு நாயம் இருக்குதுங்க தம்பி. வாங்கறான், முடிச்சுக் குடுக்கறான். வாங்காதவனை வெச்சுட்டு என்ன பண்றது? இந்த நாடு எப்படி உருப்படும், சொல்லுங்க.

கடைசியில வேற வழியில்லாம பழைய இன்ஜினீயரு கால்ல போயி உழுந்தன். உழுந்தன்னா நெசமாவே உழுகலைங்க, ஃபோன் பண்ணுனன். நம்ம மேல கோவத்துல இருந்தான். வரலை. அவனாபீசுல பிளான் வரையற பொண்ணு ஒண்ணு இருக்குது, தமயந்தின்னு, அதை அனுப்பிச்சான். திருத்துன பிளான் ஒண்ணு போட்டுக் குடுத்தாப் பாக்கலாம்னு. அந்தப் பொண்ணு வந்து, டேப்போட மறுமுனையை யாராச்சும் புடிங்கன்னுது. பூபேசு சும்மா நின்னுட்டிருந்தான். நாந்தானுங்க, "போயிப் புடிடா"ன்னன். நானே சொன்னன், எம்பட வாயால.

அளந்தாங்க, அளந்தாங்க, அளந்துட்டே இருந்தாங்க. எங்கூடு என்ன அரமனையா? இவன் செட்டைப் பூட்டிப்போட்டு வந்து டேப்பைப் புடிக்கறான். ஒரு நாள் மாடியில சிரிப்புச் சத்தம் கேக்குதுங்க. பூபேசு சிரிக்கறான். அவன் சிரிச்சா எப்படி இருக்கும்னே எனக்கு மறந்து போச்சு, யாரோ வெளியாளுன்னு நெனச்சன். செவுத்தை அளக்கறதுல என்னடா இளிப்புன்னு கீழ இருந்து ஒரு சத்தம் போட்டன். அடங்கிருச்சு.

பிளான் கொண்டாந்து விரிச்சுது அந்தப் பொண்ணு. "சார், படிக்கட்டைப் பின்னால தள்ளிக்கலாமுங்க. சமையக்கட்டுக்கும் வழி இருக்குது. பால்கனியை மட்டும் இடிச்சுட்டீங்கன்னா அனுமதி வந்துருமுங்க." பால்கனி இருந்த எடத்துல ஒரு பெரிய சன்னல் போட்டிருந்துச்சு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கின்னுது. எடுத்துட்டுப் போன்னுட்டன். பால்கனியை இடிக்கறதா? வேற எந்தப் பொண்ணூட்டுக்காரங்களாச்சும் வந்து பால்கனி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது? கையெழுத்துப் போடமாட்டன்னுட்டன். அதுக்குத்தான் அவன் வந்து சீல் வெச்சது.

சீல் வெச்சு அரக்கு காயறதுக்குள்ள இன்னொண்ணு. பூபேசு அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிக்கறான். "அப்பா, நான் இந்தப் புள்ளையைக் கட்டிக்கறன்."

எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலை. எனக்கு! எந்த ஊரும்மா, நீங்க என்ன ஆளுகன்னு கேட்டன். பூபேசு தலையைக் குனிஞ்சுட்டான். அது குனியலை. நிமிந்து நின்னு சொல்லுச்சு. சரி, அதை உடுங்க. அதுக்காவ நான் பேசலைங்க. நான் அதெல்லாம் பாக்கறவன் இல்லை. நம்ம ஊட்டுல உக்காரச் சொன்னன், சேருல, உக்காந்துச்சு. நான் பால்கனியைப் பத்தி மட்டுந்தான் பேசறன். ஊடு வேலை முடியட்டும், பொறகு பாக்கலாம்னன். நாயமான பேச்சுங்களா இல்லீங்களா?

அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமுங்களா? "எனக்குப் பால்கனி வேண்டாமுங்க மாமா. எனக்காவன்னா, அதை இடிச்சுருங்க."

மாமாவாம்! வேண்டாமாம்! வந்த பொண்ணூட்டுக்காரங்க அத்தனை பேரும் ஒண்ணு வேணும் வேணும்னுதான் கேட்டாங்க. கேட்டதையெல்லாம் கட்டுனன். இது ஒண்ணுதான் வேண்டாங்குது. வேண்டாம்னு சொல்ல இது யாரு? எத்தனை மூட்டை சிமெண்டு, எத்தனை கம்பி, வெயில்ல நின்னு தண்ணி புடிச்சவன் நானு. அன்னைக்குப் பேசுனது பேசுனதுதான். என்ன பேசுனன்னு உங்ககிட்டச் சொல்ல முடியாது. பொம்பளைங்க இருக்கற பஸ்ஸு.

பூபேசு வாயைத் தொறந்தான். "ஊடு எப்பவோ முடிஞ்சு போச்சுங்கப்பா. நீங்கதான் முடிக்க உடமாட்டேங்கறீங்க"ன்னான். அவ்வளவுதான். துணிமணியை எடுத்துட்டுப் போயிட்டான். டிராக்டர் செட்டுக்குப் பின்னால ஒத்தை ரூம்புல வாடகைக்கு இருக்கறானாம். தகரம் போட்டது. பாத்ரூம் வெளியவாம். பால்கனி இல்லை, படிக்கட்டு இல்லை, கார் செட்டு இல்லை. அந்தப் பொண்ணு வந்து பாத்துட்டு, நல்லாத்தான் இருக்குதுன்னுச்சாம்! எனக்குச் சொன்னது சிந்தாமணி. அவ போயிட்டு வந்துட்டிருக்கறா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு.

இப்ப நான் ஆபீசுக்குப் போயி என்ன கேக்கப் போறன் தெரியுமுங்களா? சீலை எடுன்னு கேக்கப் போறன். பால்கனி இருக்கோணும், படி இருக்கோணும், எல்லாம் இருந்தபடி இருக்கோணும். கரண்டுக் கம்பியை வேண்ணா நீ தள்ளிப் போட்டுக்கோ. இந்தக் குழாய்ல இருக்கறது பழைய பிளான்தான். அந்தப் பொண்ணு வரைஞ்சதை நான் கையில தொடலை.

யாருக்குன்னு கேக்கறீங்களா? எதுக்குங்க திரும்பத் திரும்ப அதையே கேக்கறீங்க? பூபேசுக்குத்தான். அவனுக்குக் கல்யாணம் ஆகோணுமுல்லீங்க?

சொல்லிடறன். அந்தா, டிரைவருக்குப் பின்னால, மூணாவது சீட்டுல, செவப்புப் பட்டுச்சேலை கட்டிட்டு உக்காந்திருக்குது பாருங்க. அதுதான் சிந்தாமணி. எங்கூட்டுக்காரி. ஊட்டுல இருந்து ஒண்ணாத்தான் கெளம்புனம். பஸ்டாண்டு வரைக்கும் பேசவே இல்லை. ஏறுனதும் அவ முன்னால போயிட்டா, நான் பின்னால வந்துட்டன். ரெண்டு டிக்கெட்டும் நாந்தான் எடுத்தன். டவுனு ஒண்ணு, மலையடிக் கோயில் ஒண்ணுன்னன். கண்டக்டர் ஒரு பார்வை பாத்தான்.

ஆமாங்க. இன்னைக்குத்தான். மலையடி முருகன் கோயில்ல. சொந்த பந்தம் யாரையும் கூப்புடலை. மண்டபம் கெடையாது, மேளம் ஒரு செட்டுதான். நாள் குறிச்சதும் பூபேசு சொல்லியனுப்பிச்சிருந்தான், நேத்தைக்கு மறுக்கா ஃபோனும் பண்ணுனான். "அப்பா, நீங்க வந்து தாலியை எடுத்துக் குடுக்கோணும்"ன்னான். எனக்கு விசாரணை இருக்குதுடான்னன். அரசாங்க உத்தரவு, போகாம இருக்க முடியுமா? நான் என்னங்க பண்றது? எல்லாம் அந்த ஆபீசர் பண்ணுன வேலை. பெத்த பையன் கல்யாணத்துக்குப் போக முடியாம என்னைய அலைய வெக்கறான் பாருங்க!

மாத்திக் கேட்டிருக்கலாமேங்கறீங்க. ஏனுங்க, நீங்க அவனாட்டமே பேசறீங்க. அவனும் அதைத்தான் கேட்டான். போன வாரம் அவனே கூப்புட்டு, "எந்த நாள் உங்களுக்குத் தோதுப்படும்?"ன்னான். நான் இந்த நாளைச் சொன்னன். "அன்னைக்குப் பெரிய முகூர்த்தமாச்சே, உங்களுக்குக் கல்யாணம் காச்சி எதும் இல்லீங்களா?"ன்னான். எனக்கு ஒரு கல்யாணமும் இல்லைன்னுட்டன். அவன்கிட்டப் போயி நம்மூட்டுக் கதையெல்லாம் சொல்லுவாங்களா?

எங்கீங்க நிக்குது? மலையடி வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா?

எந்திரிச்சுட்டா. மெதுவாப் போறா, முட்டி வலி. கையில இருக்கற பூக்கூடையை யாராச்சும் வாங்கிக் குடுத்தா என்ன, நல்லா இருப்பாங்க. கண்டக்டர் வாங்கிட்டான். பரவால்லை, நல்ல பையன். என்னமோ கேக்கறான். கேட்டுதுங்களா? "அம்மா, நீங்க ஒருத்தர்தானுங்களா? ஐயா எறங்கலையா?"ங்கறான்.

"நான் ஒருத்திதானுங்க கண்ணு. போகட்டும்."

கேட்டுதுங்களா தம்பி? போகட்டுமாம். பஸ்ஸைச் சொன்னாளா, என்னையச் சொன்னாளா? திரும்பிக் கூடப் பாக்கலை. நாப்பது வருசமா நான் சத்தம் போட்டா ஓடி வந்து நிக்கறவ, இன்னைக்குப் பட்டுச்சேலையைத் தூக்கிப் புடிச்சுட்டு, தன்னால படியேறப் போறா. இத்தனை நேரம் நான் பேசுனது பூரா அவளுக்குக் கேட்டிருக்கும். எனக்குத்தான் மெதுவாப் பேச வராதே.

போகட்டும். நான் ஆபீசுக்குப் போறன். அவன் என்ன சொல்றான்னு பாக்கலாம். காப்பி குடிக்காதவன். பால்கனியை இடின்னு இன்னொரு தடவு சொல்லட்டும், அங்கயே உக்காந்துருவன். நான் உடமாட்டன். நான் ஆரம்பிச்சதை எப்பவுமே உட்டதில்லை.

பஸ்ஸை என்ன இந்த ஓட்டு ஓட்டறான். எருமைக வருது, மெதுவாப் போகக் கூடாதா?

தம்பி. அடுத்த ஸ்டாப்பு எவ்வளவு தூரமுங்க? அங்க எறங்குனாத் திரும்பறதுக்கு ஆட்டோ கீட்டோ கெடைக்குமான்னு கண்டக்டரைக் கேளுங்களேன். நான் கேக்கச் சொன்னன்னு சொல்லிப் போடாதீங்க. நீங்க எறங்கற மாதர கேளுங்க.